மூன்றாம் கவுண்டரில் ஒன்பது வினாடி

ஏழு வரை எண்ணியாகிவிட்டது. திரை இன்னும் வெள்ளையாகவே இருந்தது. கவுண்டர்ப் பெண் நாற்காலியைச் சற்றுத் திருப்பி, கண்ணாடிக்கு அப்பால் நின்ற பெரியவரிடம், "வெளிய மழை வர்ற மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். ஒரு கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்த அவர், "எனக்குப் பாதி வானந்தான் தெரிஞ்சுது" என்றார். எட்டு. ஒன்பது. பட்டியல் விழுந்தது. நூற்றிருபது பேர், வரிசை எண்ணோடு, ஒரே மூச்சில்.

"ஒன்பது புள்ளி ஒண்ணு" என்றாள், நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தவள்.

"நீங்க எண்ணுறீங்களா மேடம்? நான் எண்ண மாட்டேன். எண்ணுனா எரிச்சல் வரும். அந்த நேரத்துல எதிர்ல நிக்கிறவங்ககிட்ட மழையைப் பத்திக் கேட்டுருவேன். இல்லன்னா என்னையவே மொறைச்சுப் பாப்பாங்க."

"மழை இல்லாத மாசத்துல?"

"வெயிலு."

அவள் மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். இந்தக் கண் மருத்துவமனையின் நோயாளிப் பட்டியல், நேரம் குறிக்கும் பக்கம், மருந்துச் சீட்டு எல்லாம் அவர்கள் செய்து கொடுத்த வலைத்தளத்தில்தான் ஓடின. ஒரு பக்கம் திறக்க எவ்வளவு நேரமாகிறது, அந்த நேரம் எங்கே செலவாகிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. வயது நாற்பத்தொன்று. பத்தொன்பது வருடமாக இதே கம்பெனி. அலுவலகத்தில் அவளுக்கு வினாடி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவள் அம்மா தட்டச்சுப் பயிலகம் நடத்தியவள். பத்து நிமிடத் தேர்வுக்கு மணி அடிக்கும் பொறுப்பு ஒன்பது வயதிலேயே இவளிடம் வந்துவிட்டது. அன்று பிடித்த பழக்கம். அலுவலக லிஃப்ட் நான்காம் மாடிக்கு ஏற இருபத்திரண்டு வினாடி. "இதோ வந்துட்டேன்" என்று போனில் சொல்கிற ஆள் வந்து சேர நானூறு வினாடி. இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கணவர் பொய் சொல்வதற்கு முன்னால் ஒரு வினாடி எடுத்துக்கொள்கிறார் என்பதைக் கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்து, அவரிடமே சொல்லியும்விட்டாள். அவர் அதற்குப் பிறகு உண்மைக்கும் ஒரு வினாடி எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

வினாடி அளந்து சொன்னால் மேல் அப்பீல் கிடையாது என்பது அலுவலகத்தில் ஒரு நடைமுறை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்படி ஒரு அறிக்கை கொடுத்திருந்தாள். மருத்துவமனையில் பட்டியல் திறக்க ஒன்பது வினாடி ஆகிறது, அதில் எட்டரைக்கு மேல் சர்வர் தரப்பில் போகிறது என்று ஒரு வரி. சர்வர் தரப்பு என்றால் கூட்டம் ஒன்றும் இல்லை, ஒரே ஆள்தான். ஐம்பத்திரண்டு வயதுக்காரர். திரையில் தெரிவதைச் செய்கிறவர்களை அவர் மேக்கப் பார்ட்டி என்பார். பட்டனும் நிறமும் அவர்கள் பாடு. யார் கண்ணுக்கும் தெரியாமல் தகவலைத் தேடி எடுத்து அனுப்புவது இவர் பாடு. அதனால் அவர்கள் அவருக்குப் பாதாளம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். மருத்துவமனை வேலையைப் பாதாளத்திடமிருந்து எடுத்து வேறு குழுவிடம் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. அந்த வேலை போனால் கம்பெனியில் அவர் உட்கார நாற்காலி இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் காட்டுவதற்கு அசல் இடத்தில் எடுத்த படம் ஒன்று வேண்டும் என்பதால்தான் வினாடியை இன்று அனுப்பியிருந்தார்கள். போனோம் வந்தோம் என்று முடிகிற வேலை.

"ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தானா?" என்று பேச்சுக்குக் கேட்டாள்.

"இல்ல மேடம். நான் சேர்ந்தப்ப டக்குனு வரும். வருஷா வருஷம் சோம்பேறி ஆயிட்டே வருது. அஞ்சாம் நம்பர்ல மட்டும் பறக்கும்."

"அஞ்சாம் நம்பர்ல என்ன?"

"அங்க பழைய கம்ப்யூட்டர் பெட்டி புகைஞ்சு போச்சு. ஆறு மாசம் முன்னாடி புதுசு வச்சாங்க. அவ குடுத்து வச்சவ."

வினாடி ஐந்தாம் கவுண்டருக்குப் போனாள். அங்கிருந்த பெண்ணிடம் சொல்லி, அதே பட்டியலைத் திறக்கச் சொன்னாள். ஒன்றரை வினாடி. மறுபடி திறக்கச் சொன்னாள். ஒன்றரை.

நடைபாதையில் பெஞ்சுகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றாள். மூன்றுக்கும் ஐந்துக்கும் பதில் அனுப்புவது ஒரே சர்வர். அது தாமதித்தால் இரண்டு இடத்திலும் தாமதிக்க வேண்டும். பெட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும், வெளியிலிருந்து வரவேண்டிய பதிலை அது முன்கூட்டி வரவழைக்க முடியாது. இதைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் கவுண்டருக்குத் திரும்பினாள். "ரெண்டு நிமிஷம் இந்த மெஷினைக் கொடுங்க."

"ரெண்டு நிமிஷமா? மழையைப் பத்தி அவ்வளவு நேரம் பேச முடியாது மேடம்" என்றபடி அந்தப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

ப்ரவுசருக்குள்ளேயே அளவெடுக்கும் ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுப் பட்டியலைக் கூப்பிட்டாள். ஒன்பது வினாடி கழித்து நிறுத்தினாள். இடமிருந்து வலமாக, என்னென்ன நடந்ததென்று வண்ணப் பட்டைகளாகப் படம் வந்தது. சர்வரிடம் கேட்டதும் அது பதில் சொன்னதும் இடது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கோடு. மூன்றில் ஒரு பங்கு வினாடி. மற்றதெல்லாம் பதில் வந்து சேர்ந்த பிறகு இந்தப் பெட்டிக்குள்ளேயே நடந்திருந்தது. சீப்பின் பற்கள் மாதிரி ஒரே அகலத்தில், ஒன்றை அடுத்து ஒன்று. எண்ண வேண்டியதில்லை, ஆனாலும் எண்ணினாள். நூற்றிருபது.

ஒரு பல்லைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெளியே அனுப்பும் முன் நிரலைச் சுருக்கும்போது உள்ளே இருக்கும் பெயர்கள் எல்லாம் ஓரெழுத்து ஈரெழுத்தாகக் குறுகிவிடும், யார் எழுதியது என்று தெரியாது. அளப்பதற்காக வைக்கும் அடையாளச் சொல் மட்டும் வைத்தபடியே இருக்கும். அந்தப் பல்லின் மேல் ஆங்கில எழுத்தில் 'சின்னு' என்று இருந்தது.

சின்னு அவள் மகள். அந்தப் பெயரை அலுவலகத்தில் வேறு யாரும் எதற்கும் வைத்திருக்க வழியில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் மகளுக்கு இரண்டு வயது. தளம் புதிது, இந்த மருத்துவமனைதான் முதல் வாடிக்கையாளர். பட்டியலின் ஒவ்வொரு வரியும் திரையில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க, சிறியதாக ஒரு அளவுகோல் எழுதிச் சேர்த்திருந்தாள். இந்த மருத்துவமனைப் பெட்டிகளில் மட்டும், இரண்டு வாரத்துக்கு மட்டும். அளந்ததை ப்ரவுசருக்குள் ஒரு நோட்டில் எழுதுவது மாதிரி எழுதி வைக்கும். சாயங்காலம் அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்கு அனுப்பிவிட்டு நோட்டைக் காலி செய்யும். மூன்றாம் மாதம் அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. அந்தப் பெட்டியை எடுத்துக் கட்டியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. அனுப்ப இடமில்லாததால் நோட்டு காலியாகவில்லை. பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் அதில் ஒரு வரி கூடிக்கொண்டே வந்திருக்கிறது, நான்கு வருடமாக. அது போகட்டும். அவள் எழுதிய விதத்தில், கடைசி வரியில் ஒரு எண்ணை மாற்றுவதற்கு நோட்டு முழுவதையும் எடுத்து, படித்து, மறுபடி முதலிலிருந்து பிரதி எடுத்து வைக்கும். நூற்றிருபது நோயாளிக்கு நூற்றிருபது பிரதி. நோட்டில் பத்து வரி இருந்தபோது அது யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் கவுண்டரின் புதுப் பெட்டியில் நோட்டுக்கு ஆறு மாத வயதுதான்.

அறிக்கையில் எங்கே சறுக்கினாள் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். மருத்துவமனைக்கு நேரில் வராமல் நாற்காலியிலிருந்தே கணக்குப் போட்டாள். கிளிக் செய்ததிலிருந்து பட்டியல் முடியும் வரை இங்கே ஒன்பது வினாடி என்று பதிவு சொன்னது. திரையில் வரைவதற்கு அலுவலகப் பெட்டியில் அரை வினாடிகூட ஆகவில்லை. அதைக் கழித்தாள். மிச்சத்தைச் சர்வர் தலையில் கட்டினாள். ஒரு இடத்தில் எடுத்த அளவிலிருந்து இன்னொரு இடத்து அளவைக் கழிக்கக் கூடாது. அலுவலகப் பெட்டியில் சின்னு கிடையாது.

"என்ன மேடம், மெஷின்ல கோளாறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எங்க?"

"எங்க பக்கம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் முதல் வேலையாகப் பழைய நிரலைத் தேடி எடுத்தாள். தேதி இருந்தது, ஓரத்தில் அவள் பெயரின் முதலெழுத்து இருந்தது. அதற்குக் கீழே, 'இரண்டு வாரத்தில் நீக்க வேண்டும்' என்று அவளே எழுதிய குறிப்பும் இருந்தது.

சாப்பாட்டு அறையில் பாதாளம் தனியாக உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா வினாடி. படம் எடுத்தாச்சா? நான் நல்லா விழுந்திருக்கேனா?"

"அண்ணா..."

"சும்மா கேட்டேன். முதல் நாள் உன் ரிப்போர்ட்டைப் பாத்ததும் எனக்குக் கோபந்தான் வந்துச்சு. சர்வர் பதிவுல முந்நூறு மில்லிசெகண்டுதான் இருக்குன்னு காட்டினேன். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? பரீட்சை எழுதினவனே மார்க் போட்டுக்கக் கூடாதுன்னார்." சோற்றைக் கிளறினார். "சரின்னு உக்காந்து தேடுறதையெல்லாம் மாத்தி எழுதினேன். பதினோரு நாள். தங்கச்சி வீடு கட்டிப் புகுந்தா, அதுக்கும் போகல. முந்நூறு இருநூத்தி எண்பது ஆச்சு. அங்க ஒன்பது ஒன்பதாவே இருக்கு. இப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சும்மா. எங்கயோ என்னோட தப்புதான் இருக்கு, கண்ணுதான் தெரியலன்னு. வயசாச்சுல்ல."

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடித்தாள், மூடினாள். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அறையில் வேறு யாரும் இல்லை. "உங்க தப்பு இல்லண்ணா" என்ற அளவுக்குத்தான் வந்தது.

"நீ ஆறுதல் எல்லாம் சொல்லாதே. உனக்கு வராது" என்று அவர் சிரித்தார்.

வீட்டுக்குப் போனபோது கணவர் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அடுப்படியில் நின்றிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். குளித்த பிறகும் நகத்தில் கிரீஸ் இருக்கும். மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு ஆட்டுக்கு ஆறு கால் வரைந்துகொண்டிருந்தாள்.

"ஆட்டுக்கு எத்தனை காலுடி?"

"ஓடுதும்மா. ஓடும்போது அப்படித்தான் தெரியும்."

கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டார். ஏறுகிற லிஃப்டை நடுவில் நிறுத்தக் கூடாது என்று தெரிந்தவர் என்பதால் பேச்சுக்கு நடுவில் புகுந்து கேள்வி கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"இது நீ எழுதினதுன்னு வேற யாருக்காவது தெரியுமா?"

"தேடிப் பாத்தாத் தெரியும். யாரும் தேட மாட்டாங்க. நான் அளந்ததை யாரும் திரும்ப அளக்கிறதில்ல."

"மூணு வரியை எடுத்துப் போட்டா வேகமாயிடுமா?"

"ஆயிடும். நாளைக்கு வேற குழு கைக்குப் போனதும் எடுத்துவிட்டா, அவங்க வந்த வேளை சரியாயிடுச்சும்பாங்க. என் ரிப்போர்ட்டும் நிக்கும்."

"அவரு?"

"அவரு வெளிய."

கணவர் கரண்டியைக் கழுவினார். கழுவிய கரண்டியை இன்னொரு தடவை கழுவினார். "நானா இருந்தா மூச்சு விட மாட்டேன்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். "ஒரு வினாடி எடுத்துக்கிட்டீங்க."

"உண்மைக்கும் எடுத்துப்பேன்னு சொல்லியிருக்கேனே."

"இது எது?"

"பொய்யி" என்றார். "மூச்சு விடாம இருந்துரலாம். ஆனா அந்த ஆளு முகத்துல முழிக்கிற அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது. உனக்கு எப்படின்னு நீ பாத்துக்க."

"எனக்குப் பேரு போயிடும்."

"எந்தப் பேரு? வினாடியா? அது நம்ம வீட்டுல செல்லாது, இங்க வந்துரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, இருந்தாலும் சிரித்து வைத்தாள்.

காலை பத்து மணிக் கூட்டத்தில் நான்கு பேர். மேலாளர், பாதாளம், மேக்கப் பார்ட்டியிலிருந்து ஒரு பெண், வினாடி. யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் மேலாளர் "சுருக்கமா" என்று சொல்வார் என்பதால், அவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பெயர் சுருக்கம். அவர் முன்னால் ஒரு தாள் இருந்தது. தாளில் என்ன இருந்தது என்பது பாதாளத்துக்குத் தெரியும். புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"அசல் இடத்துல பாத்துட்டு வந்தீங்க இல்லையா?" மேலாளர் வினாடியிடம் திரும்பினார். "காரணம் என்னன்னு சுருக்கமாச் சொல்லிடுங்க."

"நான்தான்" என்றாள்.

"ம், நீங்கதான் சொல்லணும். சொல்லுங்க."

"சொல்லிட்டேன் சார். காரணம் நான்தான்."

கொஞ்சம் விரித்துச் சொல்லச் சொன்னார் மேலாளர். அவர் அப்படிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. படத்தைச் சுவரில் காட்டினாள். இடது ஓரத்து நகக்கண் கோட்டைக் காட்டி, "இவ்வளவுதான் அண்ணாவோடது" என்றாள். சீப்பைக் காட்டி, "இது எல்லாம் என்னோடது" என்றாள். நோட்டைப் பற்றி, பிரதியைப் பற்றி, கழிக்கக் கூடாததைக் கழித்ததைப் பற்றி. குரல் நடுங்கும் என்று நினைத்திருந்தாள். நடுங்கவில்லை. அளவுகளைச் சொல்லும்போது அவள் குரல் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். இதிலும் அளவுகள் இருந்தன.

மேக்கப் பெண் படத்தை உற்றுப் பார்த்து, "சின்னுன்னா யாருக்கா?" என்று கேட்டாள்.

"என் பொண்ணு."

"ஐயோ."

மேலாளர் தாளைத் திருப்பிப் போட்டார். "நாலு வருஷமா அளக்கிறதுக்கு வச்சதே..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் பாதாளத்தைப் பார்த்தார்.

பாதாளம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றியோ கோபமோ வரும் என்று வினாடி இரண்டுக்கும் தயாராக இருந்தாள். அவர் எழுந்து சுவர்ப் பக்கம் போய், நகக்கண் அளவு கோட்டின் மேல் விரல் வைத்தார். நிழல் விழுந்து கோடு மறைந்தது. விரலை எடுத்தார்.

"பதினோரு நாள்" என்றார்.

"தெரியும்ணா."

"நாளைச் சொல்லலம்மா. பதினோரு நாளும் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னு, உனக்கு இனிமே முடியாதுடான்னு சொல்லிக்கிட்டேன். அதை எந்த மிஷின்ல அளப்பே?"

அவள் சுவரிலிருந்த படத்தை அணைத்தாள். அவர் டீ குடிக்கப் போவதாக மேலாளரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். கதவு தானாக மூட ஆறு வினாடி எடுத்தது. அவள் எண்ணவில்லை, ஆனாலும் தெரிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்று வரிகளை நீக்கிய நிரல் வெளியிடப்பட்டது. பெட்டிகளில் தங்கியிருந்த பழைய நோட்டைத் துடைக்கும் வரி ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். எட்டரை மணிக்கு மூன்றாம் கவுண்டரில் பட்டியல் முக்கால் வினாடியில் திறந்தது. ஐந்தாம் கவுண்டரில் அரை வினாடி. மருத்துவமனையிலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. வேறு குழுவுக்கு மாற்றும் தாளை மேலாளர் ரத்து செய்தார். இனி வினாடியின் அறிக்கை ஒவ்வொன்றையும் இன்னொருவர் அளந்து பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைப் பார்க்கும் பொறுப்பு மேக்கப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. பாதாளம் பதினோரு நாளில் எழுதியதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பழையபடி மாற்றினார். மதியம் அவர் ஜன்னலோர மேஜையில் சாப்பிட்டார். வினாடி கதவோர மேஜையில் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு, மருந்துச் சீட்டு அச்சாக நேரமாகிறது என்று வேறொரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு நேரில் பார்க்கப் போனாள்.